கியர் ஆயில் மாற்றிய பல் டாக்டர்

விடுமுறை நாளில் தெருவில் நடந்து போகும்போது, நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதற வேண்டாம். விபத்து ஒன்றும் இல்லை. 'நானே' இனத்தைச் சேர்ந்த ஒரு பேர்வழி வேலையில் இருக்கிறார், அவ்வளவுதான். "மெக்கானிக் எதுக்கு, நானே பாத்துக்கறேன்" என்பது இந்த இனத்தின் முதல் வாக்கியம். "இந்த போல்ட் எங்கேருந்து வந்துச்சு?" என்பது கடைசி வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவதுதான் குடும்பம்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். குழாய் சொட்டினால் மற்றவர்கள் குழாய்க்காரரைக் கூப்பிடுவார்கள். இவர்கள் கடைக்குப் போய் ஒரு ஸ்பேனர் வாங்குவார்கள். அது அளவு சேரவில்லை என்று இன்னொன்று வாங்குவார்கள். இரண்டையும் வைக்க ஒரு பெட்டி வாங்குவார்கள். பெட்டியை மாட்டச் சுவரில் துளை போட ஒரு மிஷின் வாங்குவார்கள். துளை போடுகிற இடத்தில் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டு, "நல்லவேளை, இது இங்கே இருக்குன்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்று பெருமூச்சு விடுவார்கள். முதல் குழாய்? அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இனத்தின் முழுமையான உருவம் வேண்டுமென்றால் நம் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே நூலைக் கட்டிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயைப் பொத்தியபடி வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இதற்கென்று படித்த ஒருவன் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று வெளுத்து வாங்குவார். வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தன்னுடைய கிழட்டுப் பிக்கப் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார்.

அந்த வண்டி ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கொஞ்ச நாளாகக் கியர் மாறும்போதெல்லாம் அதற்கு விக்கல் எடுத்தது. இது இப்படியிருக்க, தனியாக இருக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு மாற வேண்டி வந்தது. மதியத்துக்குள் பழைய வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். வாடகை வண்டிக்குச் சொல்லட்டுமா என்று அவள் போனில் கேட்டதுதான் தாமதம், டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்பனும் இருந்து, அப்பனிடம் வண்டியும் இருக்கும்போது வாடகை வண்டியா? நானே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, விக்கிக்கொண்டாவது போய்க்கொண்டிருந்த வண்டியைச் சனிக்கிழமை பிரித்துப் போட்டார்.

ஏன் சனிக்கிழமை? இந்த இனத்துக்கு முகூர்த்தமே அதுதான். விருந்தாளி வருகிற அன்று காலையில்தான் இவர்கள் கழிப்பறைக் குழாயைக் கழற்றுவார்கள்.

உதிரிப் பாகக் கடைக்காரர் ஆயில் பாட்டில்களைக் கட்டிக் கொடுக்கும்போது, "டாக்டர் சார், வண்டி ஓடும்போதுதான் ஆயில் அளவு பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடு வந்தார். ஓடுகிற வண்டியில் பானட்டைத் திறந்து அளவுக்கம்பியை உருவுவது எப்படி? வண்டியை யார் ஓட்டுவது, கூடவே யார் ஓடுவது? நிற்கும்போது என்று சொல்ல வந்தவர் வாய் தவறிவிட்டார் என்று பெரிய மனதோடு கடைக்காரரை மன்னித்து, சாப்பாட்டு மேஜையில் மனைவிக்கு அதை நடித்தே காட்டினார்: ஒரு கையில் கம்பிக்குப் பதில் கரண்டி, இன்னொரு கையில் துடைக்கிற துணி, கூடத்தைச் சுற்றிக் குடுகுடுவென்று ஓட்டம். மனைவியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த வண்டியின் கியர்பாக்ஸில் பழைய ஆயிலை வடிப்பதற்குத் தனியாக மூடி கிடையாது. அடித்தட்டையே கழற்ற வேண்டும். ஒரு பக்கத்து போல்ட்டுகளை மட்டும் தளர்த்தி, தட்டை மெல்லச் சாய்த்து வடிப்பது ஒரு முறை. எல்லா போல்ட்டையும் கழற்றிவிட்டு, "ஏன் இன்னும் விழல?" என்று நேர் கீழே படுத்து அண்ணாந்து பார்ப்பது இன்னொரு முறை. டாக்டர் இரண்டாவது முறையைக் கையாண்டார். தட்டு விழுந்தது. ஆயிலைப் பிடிக்க மனைவியின் கேக் தட்டைப் பக்கத்தில் வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டு விழவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலின் நிறம் சிவப்பு என்பதை நீங்கள் இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு அது தெரியாது. நாயோடு உலாவ வந்த மனிதர், வண்டிக்கு அடியில் இரண்டு கால்களையும், அவற்றைச் சுற்றிச் சிவப்பாக ஒரு குளத்தையும் கண்டார். குரல் நடுங்க டாக்டரைக் கூப்பிட்டார். "ஒண்ணுமில்ல சார், நானே பாத்துக்கறேன்" என்று அடியிலிருந்து கொழகொழவென்று பதில் வந்தது. உயிர் போகிற நேரத்திலும் பேசுகிற பேச்சா இது? எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸில் ஓடி வந்தவர்கள் டாக்டரை முகர்ந்து பார்த்துவிட்டு, திட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பின்தங்கி வந்து, தட்டு கசியாமலிருக்கப் புது கேஸ்கட் போடுகிறீர்களா, பழையதையே மாட்டுகிறீர்களா என்று ரகசியமாக விசாரித்தார். அவரும் அந்த இனம்தான்.

மிச்சம் இருப்பதும் வடியட்டும் என்று இரவு முழுக்க விட்டுவைத்து, ஞாயிறு காலையில் டாக்டர் தட்டை மாட்டினார். புது ஆயிலை ஊற்றினார். கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. உச்சி குளிர்ந்துபோய் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு மிதித்தார். வண்டி உறுமியது. நகரவில்லை. பின்னுக்குப் போட்டார். அதற்கும் உறுமியது. இன்னும் மிதித்தபோது எதிர்வீட்டு நாய்தான் பதிலுக்கு உறுமியது.

கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று டாக்டருக்கு உறுதியாகத் தோன்றியது. நன்றாக இருந்ததைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அவசரமே இல்லையப்பா, நிதானமாக வாருங்கள் என்றாள். அந்த நிதானம்தான் அவரைக் குத்தியது. திட்டியிருந்தாலாவது தேவலை. இதோ கிளம்பிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். சின்ன வயதில் அவள் சைக்கிள் உடைந்தால் அப்பாவிடம்தான் ஓடி வருவாள். இன்று ஒரு கட்டிலையும் நாலு பெட்டியையும் கொண்டு சேர்க்கத் துப்பில்லாத அப்பன் ஆகிவிட்டோமே என்று அழுகையே வந்துவிட்டது.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 

"ஏங்க, அந்தக் கடைக்காரர் எந்த ஓட்டத்தைச் சொன்னாரு?"

"எந்த ஓட்டம்னா?"

"மிக்ஸி ஓடுதுன்னு சொல்றோம், தண்ணி மோட்டார் ஓடுதுன்னு சொல்றோம். அதெல்லாம் தெருவிலயா ஓடுது?"

டாக்டர் சட்டென்று எழுந்து போனார். இன்ஜினை ஓடவிட்டு, வண்டியை நிற்கவைத்து, கம்பியை உருவினார். கம்பி காய்ந்து கிடந்தது. சும்மா இருந்தபோது தட்டில் நின்ற ஆயிலை, இன்ஜின் ஓடியதும் கியர்பாக்ஸ் உறிஞ்சிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, பாவம். மிச்சமிருந்த பாட்டில்களை ஊற்றினார். கியரைப் போட்டார். வண்டி தயிரில் கரண்டி போவதுபோல் நகர்ந்தது. டாக்டர் கீழே குதித்து, சிவப்புக் கையோடு மனைவியைக் கட்டிக்கொண்டார். அந்தப் புடவை அத்தோடு போயிற்று.

மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் விக்கலே இல்லை. ஆனால் மகள் வீட்டு வாசலில் ஒரு வாடகை வண்டி நின்றது. கட்டில், பெட்டி எல்லாம் அதில் ஏறியிருந்தன.

"அம்மா புதன்கிழமையே சொல்லி வெச்சுட்டாங்கப்பா" என்றாள் மகள்.

டாக்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி எதிரே இருந்த மரத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு மனசு விட்டுப்போயிற்று. பிறகு எதற்கு இத்தனை பாடு?

"ஒரு சாமான் மட்டும் உங்களுக்குன்னு விட்டு வெச்சிருக்கேன். வாங்க" என்று மகள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

காலி அறையின் நடுவே ஒரு மேஜை நின்றது. அவள் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, கடையில் வாங்குவானேன் என்று அந்த அறைக்குள்ளேயே மரத்தை அறுத்து அவர் செய்து கொடுத்தது. கால்களைக் கழற்ற வழியில்லை. ஆயுசுக்கும் ஆடக் கூடாது என்று பசை போட்டு அடித்திருந்தார். வாசல் வழியாக அது வெளியே வராது என்று வாடகை வண்டி ஆட்கள் கையை விரித்துவிட்டார்களாம். இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை, உங்களால்தான் முடியும் என்றாள் மகள்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. மேஜையை ஒருமுறை சுற்றி வந்தார். மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆனால் அவர் பார்வை இப்போது மேஜையில் இல்லை. வீட்டுச் சொந்தக்காரரின் கதவு நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பேனர் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. நிலையை ஏன் கழற்ற வேண்டும், மேஜையைச் செங்குத்தாக நிமிர்த்தி, முதலில் இரண்டு காலை வெளியே விட்டு, அப்படியே ஒரு திருப்புத் திருப்பினால் வந்துவிடுமே, நானாக இருந்தால் செய்து காட்டியிருப்பேனே என்று இப்போது உங்கள் மனதில் தோன்றியதா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், உங்களுக்குத் தெரியாமல், ஒரு வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.