எட்டாம் கட்டத்துப் புல்

பூகோள வாத்தியார் பல் கூடத் துலக்காமல் மேய்ச்சல் நிலத்துக்கு ஓடியபோது, எட்டாம் கட்டத்தில் நான்கு எருமைகள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் போலச் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை அட்டவணைப்படி அங்கே ஒரு கொசு கூட இருக்கக் கூடாது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கே அட்டவணை போட்ட கை அது. ஓய்வு பெற்றதும் ஒன்பது பசு வாங்கி, குத்தகை நிலத்தை எட்டுக் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு மூன்று நாள் மேய்ச்சல், பிறகு இருபத்தொரு நாள் ஓய்வு என்று சிவப்பிலும் நீலத்திலும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம். மாடுகளுக்கு மட்டும் படிக்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை குத்தகை அலுவலக அதிகாரி வருகிறார். புல் ஒரு சாண் உயரமாவது இல்லையென்றால் குத்தகை ரத்து. குத்தகை போனால் மாடுகள் போகும். மாடுகள் போனால் வாத்தியார் மைத்துனருடைய டியூஷன் சென்டரில் போய் உட்கார வேண்டும். கடைசி ஷரத்து மட்டும் அலுவலகம் போட்டதல்ல, மனைவி போட்டது. அதற்காகத்தான் எட்டாம் கட்டத்தை இரண்டு மாதமாகப் பூட்டிப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தார்.

எருமைகள் பக்கத்து வீட்டுக்காரருடையவை. எருமைக்காரர் சண்டைக்கு லாயக்கில்லாத மனிதர். வாத்தியார் கத்திய கத்தலுக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவரோ தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தப்புதான் வாத்தியாரே. வேலியை மட்டும் இன்னும் கொஞ்சம் கெட்டியா போட்டுட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

யோசனை நியாயமாகத்தான் பட்டது. ஆனால் புதுக் கம்பி கைவசம் இல்லை. ஆறாம், ஏழாம் கட்டங்களுக்கு நடுவிலிருந்த கம்பியைப் பிடுங்கி எட்டைச் சுற்றி இரட்டை வரிசையாகக் கட்டினார். செவ்வாய் மதியத்துக்குள் பசுக்கள் ஆறையும் ஏழையும் ஒரே மைதானமாக்கி, மூன்று வாரம் ஓய்விலிருந்த புல்லை ஒரே மூச்சில் மொட்டையடித்தன.

"முப்பது வருஷம் பசங்களை மேய்ச்சீங்க, ஒருத்தன் தப்பிச்சிருப்பானா? இந்த ஒம்போதை மேய்க்க முடியலையே" என்றாள் மனைவி, தோசைக் கரண்டியால் அட்டவணையைக் காட்டி.

ரோஷம் வந்து, புதன்கிழமை பேட்டரியில் ஓடும் மின்வேலி வாங்கி வந்து எட்டைச் சுற்றிக் கட்டினார். வேலை செய்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். செய்தது. அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்த பசுக்கள் மிரண்டு, வேலி ஓரத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கமே போக மறுத்தன. தொட்டியை நாலாம் கட்டத்துக்கு நடுவில் இழுத்துப் போட்டார். இழுத்ததில் அடியில் விரிசல். ஒன்பது பசுவும் சுற்றி நின்று குடிக்க, மாலைக்குள் நாலாம் கட்டம் நாற்று நடலாம் போல ஆயிற்று.

மற்ற கட்டங்களும் ஏற்கெனவே மேய்ந்து தீர்ந்துவிட, இனி மேய விடவே புல் இல்லை என்ற நிலையில் மனைவிதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, ரோட்டுக்கு எதிர்ல இடுப்பு வரைக்கும் புல்லு கெடக்கே. கேட்க நாதியில்லை. ரெண்டு நாள் அங்க விட்டா என்ன?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். ஒழுக்க வகுப்பு எடுக்கும்போது அவர் கழற்றுவது வழக்கம்.

"அடுத்தவன் நிலத்துல ஒரு நுனிப்புல்லைக்கூட என் மாடு தொடாது. அவனவன் எல்லை அவனவனுக்கு. இதைத்தான் நான் அந்த எருமைக்காரருக்கும் வருஷம் பூரா சொல்லிட்டிருக்கேன்."

ஆகவே வியாழக்கிழமை ஒன்பது பசுக்களையும் கொட்டகையில் அடைத்து, ஒரு வண்டி வைக்கோலை முன்னால் போட்டார். பச்சைப் புல்லுக்குப் பழகிய வாய் அது. வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுக் கூட்டாகக் கத்தத் தொடங்கின. தெருமுனைத் தையல்கடைக்காரர் வந்து, ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை என்று முறையிட்டுவிட்டுப் போனார்.

வெள்ளி காலை கொட்டகைக் கதவு கீலோடு பெயர்ந்து கிடந்தது. மின்வேலிப் பேட்டரியையோ வாத்தியார் முதல்நாள் இரவுதான் கழற்றிச் சார்ஜில் போட்டிருந்தார்; வேலியில் மின்சாரமே இல்லை. எட்டாம் கட்டத்தில் ஒன்பது பசு, நான்கு எருமை, மொத்தம் பதின்மூன்று ஜீவன்கள். புல் இருந்த இடத்தில் மண் பளபளத்தது.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். கால்சட்டை முழங்கால் வரை புல்விதை அப்பிக் கிடந்தது. வாத்தியார் எட்டாம் கட்டத்தை முதுகால் மறைத்துக்கொண்டு, மழை சரியில்லை, மண் சரியில்லை என்று திணறினார். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எல்லாம் பார்த்து அளந்துட்டேன் சார். சாண் என்ன, முழத்துக்கு மேல இருக்கு. ஒரு குளம்புத் தடம் கூட இல்லை. என் சர்வீஸ்ல இவ்வளவு பொறுமையா நிலத்துக்கு ஓய்வு கொடுத்த ஆளை நான் பார்த்ததில்லை."

மூன்று வருஷத்துக்குக் குத்தகையை நீட்டி, கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திணித்துவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடினார்.

மனிதருக்குக் கண் சரியில்லை என்று வாத்தியார் முடிவு கட்டினார். மனைவியோ காகிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, டியூஷன் சென்டருக்கு வரமாட்டார் என்று தம்பிக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் வாத்தியாருக்கு மனசு விசாலமாகிவிட்டது. எருமைகளை ஓட்டிப்போக வந்த எருமைக்காரரின் தோளில் கைபோட்டார்.

"போனது போகட்டும், உங்களை மன்னிச்சுட்டேன். இனிமேலாவது உங்க எருமையை உங்க நிலத்துல மேயவிடுங்க."

எருமைக்காரர் புது வேலியை ஒருமுறை அசைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"என் நிலத்துலதான் மேயுது வாத்தியாரே. உங்களுது ரோட்டுக்கு அந்தப் பக்கம். போன வருஷம் நீங்க வரைபடத்தைத் தலைகீழா புடிச்சுக்கிட்டு வந்தப்பவே சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள வேலி போட ஆரம்பிச்சுட்டீங்க."