போர்க்கப்பலும் என் பித்தளை அண்டாவும்

கடலில் இறங்குவதற்கு முன்பே ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தீப்பெட்டி அண்ணன். மூழ்கடித்த இடம் என் சமையல்கட்டு. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

சிங்கப்பூரில் ஜப்பான்காரன் காலம். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டு மெஸ் நடத்திக்கொண்டிருந்தோம். சாப்பாடு என்றால் பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்குதான். அரிசி சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் கப்பல் பட்டறை ஆட்கள். அவர்களில் ஒருவர்தான் தீப்பெட்டி அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அதை யாரும் கேட்டதில்லை.

பட்டறையில் அவருக்கு உலோகக் கிடங்கில் வேலை. கப்பலின் எந்தப் பாகத்துக்கு எந்த உலோகம் என்று பிரித்துக் கொடுப்பார். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்தும் அவரை அந்த முக்காலியிலிருந்து யாரும் எழுப்பவில்லை. அவருக்கு இரண்டு பேருமே பொருட்டில்லை. அவருடைய எதிரி நெருப்பு.

"குண்டு விழுந்து எந்தக் கப்பலும் சாகல தங்கச்சி. குண்டு ஓட்டைதான் போடும். அப்புறம் பத்திக்குது பாரு, அதுலதான் சாகுது. எஞ்சின் ரூமுக்கு அலுமினியத்துல கதவு வெச்சா என்னாகும்? மெழுகுவத்தியா ஒழுகும்!" என்று கிழங்கைப் பிசைந்துகொண்டே எனக்குப் பாடம் எடுப்பார். நான் என்னமோ மறுநாள் கப்பல் வாங்கப்போகிற மாதிரி.

நெருப்புக்கு இவ்வளவு பயப்படுகிற மனிதரின் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு தீப்பெட்டி இருக்கும். தீக்குச்சி தங்கமாக இருந்த காலம் அது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார், ஒரு குச்சி கேட்டாலும் தரமாட்டார். "எதுக்கண்ணே இது?" என்றால், "என் பையில இருக்கிற நெருப்பு வேற எங்கயும் போகாதுல்ல?" என்பார்.

சாப்பிட வரும்போது கையில் ஒரு வாளி மணலோடுதான் வருவார். இலைக்குப் பக்கத்தில் வாளி இருந்தால்தான் தொண்டையில் கிழங்கு இறங்கும். ஒரு நாள் நான் தாளிக்கும்போது எண்ணெய் லேசாகப் புகைந்துவிட்டது. அவ்வளவுதான், பாய்ந்து வந்து வாளியைக் கவிழ்த்தார். மணலில் பாதி அடுப்பில், பாதி கீரைக்குழம்பில். அன்று பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் நறநறவென்று மென்றார்கள். கிழங்கை விட இது பரவாயில்லை என்று ஒருவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

மனிதர்களையும் உலோகமாகத்தான் தரம் பிரிப்பார். என் வீட்டுக்காரரை ஈயம் என்பார், லேசாகச் சூடு காட்டினாலே உருகிவிடுவாராம். "அப்ப நான் என்னண்ணே?" என்று ஆசையாகக் கேட்டேன். வெள்ளி, தங்கம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைப்பு.

"நீ தகரம் தங்கச்சி. சின்னதாத் தட்டினாப் போதும், ஊருக்கே கேக்கும்."

ஊருக்கே கேட்கும்படி திட்டினேன்.

இதெல்லாம் போகட்டும். என் ஈயச் சொம்புக்கு அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். ஈயச் சொம்பில் வைக்கிற ரசத்தின் ருசி தெரிந்தவர்களுக்குத் தெரியும். புளி கிடைக்காத அந்த நாளில் புளிப்புக்குப் பிளிம்பிங் காயைப் போட்டு வைத்தாலும் அந்தச் சொம்பு ரசத்தைக் காப்பாற்றிவிடும். ஆனால் அதை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகுதான் தணல். இல்லாவிட்டால் உருகிவிடும். சமைக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நான் கொல்லைக் குழாயடிக்குப் போய்த் திரும்பி வருகிறேன், அடுப்பில் சொம்பைக் காணோம். சாம்பலுக்குள் ஒரு வெள்ளிக் குட்டை பளபளவென்று நின்றது. அதன் முன்னால் தீப்பெட்டி அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அடப்பாவி மனுஷா! தண்ணி ஊத்தாம வெச்சா உருகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே."

"அப்புறம்?"

"எவ்வளவு சீக்கிரம்னுதான் தெரியல."

அது இறுகிக் கட்டியானதும் எடுத்து அவர் தலையைக் குறிபார்த்து வீசினேன். லாகவமாகப் பிடித்து, துடைத்து, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் பல நாள் நான் அவரிடம் பேசவில்லை. மனிதர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. பட்டறையில் ஒரு சின்னப் போர்க்கப்பல் கட்டப்போகிறார்கள், உலோகம் போதவில்லை, வீடு வீடாக எடுப்பார்கள் என்று. பட்டறை அதிகாரி கட்டையான, கோபக்கார ஜப்பான்காரர். தன் ஊரில் பட்டுக்கடை வைத்திருந்தவராம். கப்பல் மிதக்கும் என்கிற அளவுக்கு விஷயம் தெரியும். ஆனால் கை மட்டும் நீளம், பளார் பளாரென்று அறைவார். வீட்டுச் சாமான்களில் கப்பலுக்கு எது ஆகும் என்று பார்த்துச் சொல்ல அவர் கூட்டி வந்தது யாரை? எங்கள் அண்ணனைத்தான்.

என்னிடம் ஒரு பித்தளை அண்டா இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து என்னோடு கப்பலேறி வந்தது. அத்தனை பேருக்கும் அதில்தான் சமையல். அண்டா போனால் மெஸ் இல்லை. மெஸ் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரருக்குப் பட்டறை ஆட்களுக்குச் சோறு போடுகிறவர் என்கிற பாதுகாப்பு இல்லை. அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்புவது அபூர்வம். எங்கள் சந்திலேயே நாலைந்து வீடுகளில் அழுகை ஓயவில்லை.

ரோஷத்தையெல்லாம் விட்டுவிட்டு அவரிடம் போனேன். "அண்ணே, அண்டா நல்லா இல்லன்னு ஒரே ஒரு பொய் சொல்லிடுங்க. இவரைக் கொண்டு போயிடுவாங்கண்ணே."

அவர் முகம் வாடிவிட்டது. "உலோகத்தைப் பத்தி நான் பொய்யே சொன்னதில்ல தங்கச்சி. உன் அண்டா முதல் தரம். அதை எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?"

சொன்னால் சொன்னபடிதான். பக்கத்து வீட்டுக் குத்துவிளக்கைத் தட்டிப் பார்த்து, "ஆகா, முதல் தரம்!" என்று அதிகாரியிடம் பாராட்டினார். விளக்கு மாட்டுவண்டியில் ஏறியது. எதிர்வீட்டுக் குடம், "முதல் தரம்!" அதுவும் ஏறியது. சந்தே மண்ணை வாரித் தூற்றியது. அடுத்தது நாங்கள்.

குனிந்து வணக்கம் வைத்து நின்றோம். அதிகாரி அண்டாவைக் கண்டதும் குழந்தை மாதிரி சிரித்தார். அரைகுறை மலாயில், எஞ்சின் அறைக் கதவுக்கு ஆகுமா என்று கேட்டார்.

அண்ணன் அண்டாவைத் தட்டினார். கோயில் மணி மாதிரி ஒலித்தது. பாழாய்ப்போன அண்டா, அன்றைக்கென்று அப்படி ஒலிக்க வேண்டுமா! "முதல் தரப் பித்தளை" என்றார் அண்ணன். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா எஞ்சின் ரூம் கதவுன்னா தீயில காட்டிப் பாக்கணும்" என்று அவர் அதிகாரியிடம் தொடர்ந்தார். வெறும் அண்டாவை அடுப்பில் ஏற்றினார். காய்ந்த தேங்காய் ஓடுகளை அடுக்கினார். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, யாருக்கும் தராத தீக்குச்சியை உரசினார்.

"ஐயோ அண்ணே, தண்ணி ஊத்தாம வைக்காதீங்க! உள்ள பூசின ஈயமெல்லாம்…"

"வாயை மூடு தங்கச்சி!"

அவர் என்னை அதட்டிய ஒரே தடவை அதுதான். அதிர்ந்துபோய் மூடிக்கொண்டேன். மூடிய பிறகுதான் புத்திக்கு எட்டியது.

பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசாமல் நாம் புளி போட்டுச் சமைப்பதில்லை. பட்டுக்கடைக்காரருக்கு அது எங்கே தெரியும்? அண்டா சூடேறியது. உள்ளே வழவழவென்று வேர்த்தது. முத்து முத்தாகத் திரண்டு, வெள்ளிக் கோடாக அடிக்கு வழிந்தது. அண்ணன் கிடுக்கியால் அண்டாவைச் சாய்த்தார். சொட்டு, சொட்டு என்று அதிகாரியின் பூட்சுக்கு முன்னால் விழுந்தது.

அதிகாரி துள்ளிக் குதித்தார். "உருகுதா?"

"உருகுது" என்றார் அண்ணன். எது உருகுகிறது என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"கிழங்கு வேகுற அடுப்புல உருகுற சாமான் எஞ்சின் ரூம்ல என்னாகும்?" என்று அதிகாரி கத்தினார். அண்ணன் உள்ளங்கையைக் கப்பலாக நீட்டி, மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. இதையா முதல் தரம் என்றாய் என்று அண்ணனுக்குப் பளாரென்று ஒரு அறை. பித்தளையே வேண்டாம் என்று வண்டியிலிருந்த விளக்கு, குடம் எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். சந்து முழுக்கக் கடகடவென்று சத்தம். அதைப்போல இனிமையான சங்கீதத்தை நான் பிறகு கேட்டதில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் அண்டாவை எட்டிப் பார்த்தேன். உள்ளே திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது. இதில் சமைத்தால் களிம்பேறும், சாப்பிடுகிறவர்களுக்குக் குமட்டும். "உயிரு தப்பிச்சுது சரி. இப்ப பூச ஈயத்துக்கு எங்க போவேன்? மலாயாவுல இருக்கிற ஈயமெல்லாம் ஜப்பான்காரன்கிட்ட!" என்று ஆரம்பித்தேன். தகரம் அல்லவா?

வீங்கிய கன்னத்தோடு அண்ணன் பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். என் ஈயச் சொம்பு.

பூச்சு பிடிக்க நவச்சாரத்தைத் தூவி, கந்தைத் துணியைச் சுழற்றி, அன்று சாயங்காலத்துக்குள் அவரே அண்டாவுக்கு ஈயம் பூசிக் கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். "புகை கண்ணுல பட்டுடுச்சா?" என்று கேட்டு வாளியைத் தூக்கினார் அந்த மனிதர்.

அப்புறம் கப்பல் என்னவாயிற்று? உலோகம் தேறாமல் மரத்திலேயே படகு கட்டினார்கள். அதைக் கேட்டு அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார். "மரத்துல தங்கச்சி! மரத்துலயா கட்டுவான்!" என்று எதிரியின் கப்பலுக்காகப் பட்டினி கிடந்தார். கிழங்கைக் கரைத்து ஊட்ட வேண்டியிருந்தது.

அண்ணன் போய்ப் பல வருஷமாகிறது. சயாமுக்குப் போகாத என் வீட்டுக்காரர் இப்போது தோ பாயோ பிளாட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ரசத்தில் உப்பு குறைகிறது என்று குற்றம் சொல்கிறார். அண்டா எங்கள் சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. விற்றுவிடச் சொல்கிறவர்களை நான் திட்டும் சத்தம் கீழ் மாடிவரை கேட்கும்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் பூனைக்கு என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.