பனியரக்கியின் மூக்கு

வீட்டில் ஜெயிக்க முடியாதவளைப் பத்திரிகையில் ஜெயித்துவிடுவது என்று ஓவியர் முடிவு கட்டியது, மச்சான் வந்துபோன அன்று.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மாப்பிள்ளை இப்போது என்ன பண்ணுகிறார் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். மனைவி துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"படம் போட்டுட்டு இருப்பார். சத்தமே வராது. தொந்தரவு கிடையாது."

தவழுகிற குழந்தையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். மச்சான் சிரித்தார். பக்கத்தில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்த ஓவியரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மச்சான் சிரித்ததைக்கூட மன்னித்துவிட்டார். தானும் சிரித்ததுதான் அவருக்கு ஆறவில்லை.

ஒரு சிறுவர் வாரப் பத்திரிகைக்குச் சித்திரத் தொடர் வரைவது அவர் பிழைப்பு. வடக்கே பனி உறைந்த தேசத்துப் பழங்கதைகளில் ஓர் இடிக் கடவுள் உண்டு. கையில் சுத்தியல். எறிந்தால் எதிரியை அடித்துவிட்டுத் திரும்பக் கைக்கே வந்து சேரும். ஓவியர் அந்தக் கடவுளைக் கடத்திக்கொண்டு வந்து, இறுக்கமான சட்டை மாட்டி, முதுகில் ஒரு சிவப்புப் போர்வையைப் பறக்கவிட்டு, இடிவேந்தன் என்று பெயர் சூட்டி நடுப்பக்கத்தில் இறக்கியிருந்தார். முகம் மட்டும் சொந்த முகம். வழுக்கையைத் தலைக்கவசம் மறைத்தது. தொப்பையைக் கற்பனை மறைத்தது.

இதுவரை இடிவேந்தன் பொதுவாக எல்லா அரக்கர்களையும் அடித்துக்கொண்டிருந்தான். இனி ஒருத்தியை மட்டும் அடிப்பான். பனியரக்கி. கூர்மையான மூக்கு, இழுத்து முடிந்த கொண்டை, ஒரு பக்கம் மட்டும் ஏறும் புருவம். யார் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த வாரமே அரக்கிக்கு முன்பல் இரண்டு போயின. ஒழுகும் குழாய்க்கு ஆள் கூப்பிட மறந்து அவர் வாங்கிக்கட்டிக்கொண்ட வாரம் அவளுடைய பனிக்கோட்டை தரைமட்டமானது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவர் வீட்டுப் பக்கம் வாங்கியதைப் பத்திரிகைப் பக்கத்தில் இறக்கி வைத்தார். ரத்தக்கொதிப்புகூடக் கொஞ்சம் இறங்கியது.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, கண் பரிசோதித்து, அளவு எழுதிக் கொடுப்பாள். ஊரார் பார்வையை எல்லாம் சரிபார்க்கிறவள் புருஷன் போடும் படத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று ஓவியர் முழுசாக நம்பினார்.

ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல் அவர் மேஜையருகே வந்து நின்றாள்.

"மூக்கு சரியா வரல."

"எந்த மூக்கு?"

"என் மூக்கு."

இப்படி ஒரு நாள் வந்தால் சொல்ல வேண்டிய பதிலை அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கற்பனை, தற்செயல், கலைஞனின் சுதந்திரம். அதில் ஒன்றை அவர் எடுத்துவிடுவதற்குள் அவள் நாற்காலியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஞாபகத்திலிருந்து வரைந்தால் இப்படித்தான் இருக்கும், நேரில் பார்த்து வரையுங்கள் என்றாள்.

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். வேறு வழியில்லாமல் வரைந்தார். அவள் அசையாமல் பேசினாள். பல் போனது அண்ணன் வந்த வாரம், கோட்டை விழுந்தது குழாய் வாரம் என்று வரிசையாகச் சொன்னாள்.

"நீ படிக்கிறியா?" என்றார் ஓவியர்.

"முதல்ல இருந்தே. வீட்டுல நீங்க வாயத் திறக்கறதில்ல. உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற ஏது வழி?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் உறைத்தது. சற்றுப் பொறுத்து, "கல்யாணம் ஆனதுல இருந்து இவ்வளவு நேரம் என் முகத்தப் பார்த்தது இன்னைக்குத்தான்" என்றாள். ஓவியர் பென்சில் சீவ எழுந்து போனார். பென்சில் கூராகத்தான் இருந்தது.

அதன் பிறகு விடுமுறை நாளெல்லாம் அவள் வந்து உட்கார்ந்தாள். மூக்கு வந்தது. கண் வந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த களைப்பும் வந்தது. அதை அவர் அழிக்க நினைத்தார், கை வரவில்லை. வசனம் தோன்றாதபோது அவள் சொன்னதையே எழுதினார். "அழிந்து போ, அரக்கியே" என்று இடிவேந்தன் கர்ஜித்தால், "கதவைச் சாத்திட்டு வந்தியா, பனி உள்ள வருது" என்று அரக்கி கேட்டாள். எறிந்த சுத்தியல் திரும்பி வந்தபோது அவன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

தொடரைப் படிக்கும் பிள்ளைகள் அரக்கியைக் கொண்டாடினார்கள். நாயகன் மரக்கட்டை மாதிரி நிற்கிறான், அரக்கிதான் உயிரோடு இருக்கிறாள், வசனம் யார் எழுதுவது என்று பத்திரிகையின் எடிட்டர் கேட்டார். ஓவியர் வெட்கமில்லாமல் நான்தான் என்றார்.

எடிட்டருக்கு வெள்ளெழுத்து. கண்ணாடிக் கடைக்குப் போனார். கையில் கொடுத்த அட்டையில் இருந்த எழுத்தெல்லாம் அவருக்கு மங்கலாகத் தெரிந்தன. எதிரே நின்றவளின் மூக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வாயைத் திறந்து அவள் நாலு வார்த்தை பேசியதும் மிச்சமும் தெரிந்துவிட்டது. அத்தனை கடை இருக்க அந்தக் கடைக்கு அவரை வரச் சொன்னது யார் என்று ஓவியர் இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளப் பயம்.

அன்று மனைவி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து தொடரின் பெயர் பனியரக்கி. கதை, வசனம் அவள். படம் மட்டும் இவர்.

"இடிவேந்தன் என்ன ஆவான்?" என்று கேட்டார் ஓவியர்.

"நான் ஒண்ணும் போகச் சொல்லலயே. இருக்கட்டும். சுத்தியலத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி வரட்டும்."

மிச்சமிருந்த மானத்தை எல்லாம் திரட்டி அவர் கேட்டார்: "அவனுக்கு வசனம் உண்டா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"பனியில நடக்கிறான் இல்ல? வேணும்னா ஒரு தும்மல் வச்சுக்கோங்க."