இடம் மாறிய தென்பெண்ணை

யேசுராஜின் விடைத்தாளில் தப்பே இல்லை. சிவப்புப் பென்சிலும் கையுமாகச் சென்னப்பன் மறுபடி மறுபடி தேடியதில் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இருவரும் ஓசூரில் ஒன்றாகப் படித்தவர்கள்; யேசுராஜ் இரண்டு வயது பெரியவன். ஞாயிறுதோறும் கோயில் பூசை முடிந்ததும் யேசுராஜ் வந்துவிடுவான். குமாஸ்தா பரீட்சையின் பழைய கேள்விகளை எழுதி, தாளை மாற்றித் திருத்துவார்கள். சென்னப்பனின் ஒவ்வொரு தப்பையும் புரியவைத்த பிறகுதான் யேசுராஜ் காபியைத் தொடுவான். கிளம்பும்போது, "தாலுகாபீஸ் நாற்காலி உனக்குத்தாண்டா!" என்பான்.

அந்தக் கிண்டலைத்தான் சென்னப்பனால் பொறுக்க முடியவில்லை. போதாததற்கு மனைவி சம்பங்கி, "யேசுராஜண்ணனைப் பாத்தாவது ரோசம் வரக்கூடாதா?" என்பாள்.

தென்பெண்ணை எங்கே உற்பத்தியாகிறது என்ற கேள்விக்கு யேசுராஜ் எழுதியிருந்த 'நந்தி மலை'யைச் சென்னப்பன் சிவப்பால் அடித்தான்.

"ஏன்டா, நந்தி மலைதானே?"

"குடகு."

"அது காவேரியாச்சேப்பா!"

"உன் புஸ்தகம் வெள்ளக்காரன் காலத்துது. இப்ப எல்லாம் மாத்திட்டாங்க. ராஜ்யத்தையே வெட்டி ஒட்டுனவங்க, ஒரு ஆத்த நகத்த மாட்டாங்களா?"

யேசுராஜ் யோசித்தான். "நியாயந்தான்."

அன்று சென்னப்பனுக்குக் களி ஓர் உருண்டை கூடுதலாக இறங்கியது.

அடுத்த வாரமும் அதே கேள்வி வந்தது. திருத்தப்போவது யேசுராஜ், சரியாக எழுதினால் குட்டு உடைந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு 'குடகு' என்றே எழுதினான்.

"சபாஷ்டா!" என்று சரி போட்டான் யேசுராஜ்.

பிறகு உலகின் பெரிய தீவு இலங்கையாயிற்று. சூரியனுக்கு மிக அருகே சனி போய்ச் சேர்ந்தது. மாற்றியதெல்லாம் மறந்துபோகாமலிருக்கச் சென்னப்பன் விடியற்காலையில் எழுந்து உரக்க மனப்பாடம் செய்தான்.

சேலத்தில் பரீட்சை. முதல் கேள்வியே தென்பெண்ணை. பேனா தானாகக் 'குடகு' என்று எழுதியது. அடித்தான். மறுபடி அதையே எழுதினான். எது கடவுள் வைத்தது, எது தான் நகர்த்தியது என்று அவனுக்கே தெரியவில்லை.

போகட்டும், அவனும் இதையேதானே எழுதுவான் என்று திரும்பிப் பார்த்தான். யேசுராஜைக் காணோம். பயந்து ஓடிவிட்டான்! அந்தச் சந்தோஷத்தில் சனியையும் சூரியனுக்கு அருகிலேயே விட்டுவிட்டு வந்தான்.

ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே யேசுராஜின் மனைவி ஜெயசெல்வி வந்தாள்.

"பரீட்சை நல்லா எழுதினீங்களாண்ணா?"

"அது கிடக்கட்டும்மா. உன் வீட்டுக்காரன் ஏன் வரல? பயமா?"

"அவருக்குப் போன வருசமே பரீட்சை எழுதுற வயசு தாண்டிப்போச்சுங்களேண்ணா! எதிர்ல ஒரு ஆளு எழுதினாத்தான் நீங்க படிப்பீங்கன்னு சம்பங்கியக்கா கெஞ்சினாங்கன்னுதான், வாராவாரம் வந்து உக்காந்தாரு."