குணலட்சுமியின் பன்னிரண்டாவது தேத்தண்ணி

அன்றைய பன்னிரண்டாவது தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு நின்ற குணலட்சுமிக்குப் புருசனின் முறிந்த இடுப்பெலும்பின்மேல் பொறாமையாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் பஞ்சலிங்கம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து பண்டத்தரிப்பு ஊர்ச்சனம் முழுக்கத் திராட்சையும் பிஸ்கற்றுமாக வந்து அவருடைய கட்டிலைச் சுற்றி இருக்கிறது. அவளிடம் ஒரு சீவனாவது, நித்திரை கொண்டனியா என்று கேட்டதா? கேட்கவில்லை.

முதல் மாதம் அவர் இருமினாலே ஓடினாள். இப்போது கூப்பிட்டாலும் வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் போகிறாள். இரக்கமெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

“இஞ்சை வந்து இரும் குணம்” என்றார் பஞ்சலிங்கம் அறையிலிருந்து.

“நான் இருந்தால் தேத்தண்ணி ஆர் போடுறது?”

மறுநாள் தேத்தண்ணி போடாமல் தப்ப அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாள் தவறாமல் வருகிற அருள்நேசன் மாஸ்ரர் படலையைத் திறந்ததும், “தேயிலை முடிஞ்சுது மாஸ்ரர்” என்றாள்.

“அதுக்கென்ன பிள்ளை, சும்மா இருந்து கதைப்பம்.”

வந்த மனுசனை வெறும் வாயோடு அனுப்புவதா? மானம் போய்விடும். “உள்ளுக்கை போங்கோ, அவர் முழிச்சுத்தான் கிடக்கிறார்” என்று மாஸ்ரரை அறைக்குள் விட்டுவிட்டு, வெயிலில் நின்று தேசிக்காய் பிடுங்கிப் பிழிந்து, சீனி போட்டுக் கரைத்தாள். அடுத்த நாள் மாஸ்ரர் இரண்டு பைக்கற் தேயிலையோடு வந்து நின்றார்.

சரி, வருத்தம் வந்து படுத்தவருக்குத்தானே மரியாதை. வெள்ளிக்கிழமை குணலட்சுமி தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு பாயில் சரிந்தாள். முன்வீட்டு யசிந்தா எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். அரை மணித்தியாலத்தில் வாசலில் பத்துச் சோடி செருப்பு.

ஆட்களைக் கண்டதும் இந்தப் பாழாய்ப்போன உடம்பு தானாக எழும்பிவிட்டது. ஒருவரையும் வாய் திறக்க விடாமல், “உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை போங்கோ” என்று எல்லோரையும் அறைக்குள் அனுப்பிவிட்டுக் குசினிக்குப் போய்க் கேத்திலை வைத்தாள்.

அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குணலட்சுமிக்குப் பத்திக்கொண்டு வந்தது. தலையில் கட்டிய துவாயோடு போய் அறை வாசலில் நின்றாள்.

“மூண்டு மாசமாய் இந்த மனுசனைத் தூக்கி, துடைச்சு, சோறு தீத்தி என்ரை நாரியெலும்பும் முறிஞ்சு போச்சு. எல்லாரும் இவரைத்தான் பார்க்க வாறியள். என்னைப் பார்க்க ஆராவது ஒராள் வந்தனீங்களோ?” குரல் உடைந்து அழுதே விட்டாள்.

பஞ்சலிங்கம் தலையணைக்கடியில் கைத்தொலைபேசியை ஒளிக்கப் பார்த்தார்.

யசிந்தாதான் வாயைத் திறந்தாள்.

“உங்களைப் பார்க்கத்தானே அக்கா வாறனாங்கள். ‘என்ரை மனுசி களைச்சுப் போய்க் கிடக்கிறா, வந்து அவவோடை கொஞ்சம் கதையுங்கோ’ எண்டு அண்ணைதான் ஒவ்வொரு நாளும் எங்களுக்குப் போன் அடிக்கிறவர். நீங்கள்தான் எங்களை இவரோடை அடைச்சுப்போட்டுக் குசினிக்கை ஓடுறியள்.”