ஒட்டுப்பால் மாப்பிள்ளை

செம்புக் குழாயை நம்பாமல் ரப்பர் குழாயை நம்பிப் பெண்ணைக் கோட்டை விட்டவன் மலாயாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. வயித்தெரிச்சல்!)

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே பட்டறை ஃபிட்டர். கிள்ளானில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பட்டறையில் கணக்கெழுதும் கிராணி தன் பழைய காரில் அழைத்துப் போவதாகச் சொன்னார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி உண்டு. டாங்கி சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போக வேண்டும். மேட்டில் மூக்கைத் தூக்கினால் வழியாது. அதனால் மேடு வந்தால் கிராணி வண்டியைத் திருப்பி ரிவர்ஸில்தான் ஏற்றுவார். பெண் வீடோ மேட்டின்மேல். மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டா போய் இறங்குவது? கழித்துப் போட்ட லோரியிலிருந்து ஒரு பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினேன். அதோடு விட்டேனா? ஒழுகிக்கொண்டிருந்த செம்புக் குழாயையும் பிடுங்கி எறிந்து ரப்பர் குழாய் போட்டேன்.

"செம்பே இருக்கட்டுமேப்பா," என்றார் கிராணி.

"மலாயாவே ரப்பர்லதான் நிக்குதுண்ணே. உங்க வண்டி நிக்காதா?"

நின்றது. இரண்டு நாள் கழித்து, பெண் வீட்டு மேட்டுக்குக் கீழே.

கிராணி தகவல் சொல்ல மேலே நடந்தார். நான் வண்டிக்கு அடியில் நுழைந்தேன். குழாய் ஊறி, உப்பி, அடைத்துக்கொண்டு கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கூட வந்த அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஏண்டா, தோட்டத்துல சைக்கிள் டியூப்புக்குப் பசை பண்ண, ஒட்டுப்பால எதுலடா கரைப்போம்?"

"பெட்ரோல்ல."

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்து, கோப்பையில் உறைந்த ரப்பர்ப் பாலைச் சின்ன வயதில் நானே கரைத்திருக்கிறேன். பட்டறைக்குப் போனதும் அந்த அறிவையெல்லாம் தோட்டத்திலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கரிபூசிய சட்டையோடு மேலே போனேன். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "டிரைவர் தம்பி, பின்பக்கம் போய்க் கை கழுவிக்குங்க," என்றார். கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு கிராணி உட்கார்ந்திருந்தார். தான் மாப்பிள்ளை இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, வாயில் கேசரி இருந்ததாம்.

அக்கா கத்தித்தான் உண்மையைச் சொன்னாள். சொல்லி என்ன? மூன்றே மாதத்தில் அந்தப் பெண்ணுக்கும் கிராணிக்கும் கல்யாணம். அதற்கு முன் பம்பைக் கழற்றிப் பழைய செம்புக் குழாயைப் பற்றவைத்து மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். வேறு யார்?

இன்றும் வீட்டில் நான் ஸ்பானரைத் தொட்டால் போதும், "ஒட்டுப்பால் மாப்பிள்ளை கிளம்பிட்டாரு!" என்பாள் அக்கா. என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

அவர்களுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. கல்யாணமான வாரம், ரயில்வே குடியிருப்பு மேட்டடியில் நின்றிருந்தேன். அந்தக் கார் வந்து, திரும்பி, ரிவர்ஸில் ஏறியது. அன்று கிள்ளானில் நான் பார்க்காமல் வந்த முகம், மேடு முடியும்வரை என்னைப் பார்த்தபடியே போனது.