மாத்தளையின் கடல் பக்கம்

மாத்தளைக்குக் கடலைக் கொண்டுவந்தவர் ஹாபர் மாஸ்டர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுற்றிலும் மலை; எந்தத் திசைக்குப் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும். அப்படிப்பட்ட ஊரில், கடைத்தெருவின் கிழக்கு வரிசைக்குக் ‘கடல் பக்கம்’ என்று பெயர் வைத்து, ஊரையே அப்படிச் சொல்லவும் வைத்தவர் வேறு யார் இருக்கிறார்?

தொழில் தையல். தையற்காரரை மாஸ்டர் என்பது வழக்கம். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் அங்கே மாலுமிகளுக்குச் சட்டை தைத்தவர் என்பதால் முன்னால் ஹாபரும் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தை நடத்திய உண்மையான ஹாபர் மாஸ்டருக்குக்கூட எங்கள் ஆளின் தோரணை இருந்திருக்காது.

கடற்படை கப்பலேறியது, தையலும் அதோடு கப்பலேறியது. அங்கே நிக்காஹ் முடித்திருந்த மனைவியை அழைத்துக்கொண்டு சொந்த ஊரான மாத்தளைக்கு வந்து, திருகோணமலை வீதி என்ற எங்கள் கடைத்தெருவில் கடை போட்டார். எதிரே மிளகு வாங்கும் கடையில் நான் வேலை பார்த்தேன். அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், மனைவியை அக்கா முறையில் ராத்தா என்பேன்.

ராத்தா வந்ததே பெரிய காரியம். அவர்கள் பகுதி முஸ்லிம்களிடம் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். பெண் பெட்டி கட்டுவதில்லை. ராத்தாவின் அண்ணன் ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பினார். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் நானே வந்து கூட்டிப்போவேன். அதுவரை தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு பூட்டியே கிடக்கும் என்றார். மாஸ்டரும் பின்னாலேயே போகலாம்தான். ஆனால் அங்கே தைத்துக் கொடுக்கச் சொல்ல ஆளில்லை. பெண்சாதி போனால் கடை எதற்கு, கடை போனால் பெண்சாதிக்குச் சோறு எப்படி? இந்த இரண்டுக்கும் நடுவே மனுசன் ஊசிமுனையில் உட்கார்ந்திருந்தார்.

வந்த புதிதில் ராத்தா திருகோணமலை நடைகளைப் பற்றியே பேசுவாராம். அசர் தொழுகை முடிந்து, வெயில் சாய்ந்த நேரம், டச்சுக் குடாவின் வளைந்த மணலில் மாமிமாரோடு போனது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் வழிவிடாமல் நின்று முறைத்தது. கோணேசர் பாறைக்குக் கீழே, எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற மாதிரிக் கருநீலமாகக் கிடந்த தண்ணீர். உட்துறைமுக வீதியில் நடந்தால் மலைகளுக்கு நடுவே வீடு போல நின்ற கப்பல்கள். உப்புவெளிக் கரையில் வலை இழுக்கிறவர்களின் பாட்டு, காலடியில் வந்து தொட்டுவிட்டு ஓடுகிற நுரை. எல்லாம் சொல்லி முடித்து ஒரு பெருமூச்சு.

அந்தப் பெருமூச்சை மாஸ்டர் அளவெடுத்தார். மனைவிக்குக் கடல் ஏக்கம். அதற்கு மருந்து கடல். மாத்தளையில் கடல் இல்லை என்பதை அவர் ஒரு தடையாகவே நினைக்கவில்லை.

முதலில் வீதியில் கை வைத்தார். “இது திருகோணமலை வீதிதானே தம்பி? வீதி அங்க போகுதுன்னா, அங்க உள்ள கடல் இதுக்கும் ஒரு பக்கத்துல இருக்கத்தானே வேணும்? கிழக்கால உள்ளது கடல் பக்கம்” என்றார். பொத்தான் வாங்க ஆளனுப்பினாலும் ‘கடல் பக்கம் மூணாவது கடை’ என்றுதான் அனுப்புவார். கேலிக்குச் சொல்லத் தொடங்கிய நாங்கள் பிறகு பழக்கத்தில் சொன்னோம். பஸ் கண்டக்டர் ஒருவர் சிங்களத்தில் ‘முஹுது பெத்த’, கடல் பக்கம் இறங்குகிறவர்கள் இறங்குங்கள் என்று கத்தத் தொடங்கினார். கண்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் மருந்துக் கடை எங்கே என்று என்னிடம் கேட்டார். கடல் பக்கம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த மருந்து எனக்குத்தான் அவசரம் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

அடுத்தது வாசனை. கடல் என்றால் மணம் வேண்டாமா? கடைக்குள் தையல் மெசினுக்கு மேலே ஒரு கொத்துக் கருவாட்டைத் தொங்கவிட்டார். அந்த வாரம் தைக்கக் கொடுத்திருந்த ஒரு கலியாணக் கோட்டு அதற்குக் கீழேதான் தொங்கியது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மேளக்காரரை விடப் பூனைகள் அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தபோது மாஸ்டர் பதறவே இல்லை. கடல் காத்து பட்ட துணி அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொன்னார்.

பிறகுதான் நடை. அசர் தொழுததும் கடையைச் சாத்துவார். கழுத்தில் அளவுநாடாவோடு அவர் முன்னே. முக்காட்டுக்கு மேல் குடையும் பிடித்து ராத்தா பின்னே. எந்த அலுவலும் இல்லாமல் புருஷனும் பெண்சாதியும் தினம் தினம் நடந்து போவது அன்றைய மாத்தளைக்குப் புதிது. கண்டவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் யாருக்கு வருத்தம் என்று விசாரித்தார்கள். இரண்டு பேர் பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஊரை ஒட்டி ஓடும் சுது கங்கைக் கரை உட்துறைமுகமாயிற்று. தண்ணீரில் கிடந்த எருமைகள் போர்க்கப்பல்கள். எருமை ஒன்று எழுந்து சேற்றை உதறியபோது, கப்பல் புறப்படுது, தள்ளி நில்லுங்க என்று ராத்தாவை எச்சரித்தாராம்.

பயிர் பச்சையாக நின்ற ஒரு நாள் பல்லேபொலைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வயல் வரப்பில் நிறுத்தினார். காற்று வந்தது, பயிர் சாய்ந்து நிமிர்ந்து அலையாய் ஓடியது. அழகுதான், அதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் வரப்பு வழுக்கி ராத்தா முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார். வயல்காரர் ஓடிவந்து, இங்கே என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். கடல் பார்க்க வந்தோம் என்றார் மாஸ்டர். அந்த நல்ல மனிதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு பேரையும் கைத்தாங்கலாகச் சந்திக்குக் கொண்டுவந்து, திருகோணமலை பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறார்.

றிவர்ஸ்டன் மலைக்கு நானும் போனேன். ஏலக்காய் ஏற்ற எங்கள் கடை லொறி ரத்தோட்டைக்கு மேலே போனபோது அவர்களும் தொற்றிக்கொண்டார்கள். உச்சி வளைவில் இறங்கினோம். கீழே பள்ளத்தாக்கு இல்லை. மரங்கள் இல்லை, தேயிலைத் தோட்டம் இல்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயம் இல்லை. வெள்ளையாய் மூட்டம் மட்டும், விளிம்பு வரை நிரம்பி, மெல்ல மேலேறி, மெல்லப் பின்வாங்கியது. மாஸ்டர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“இந்தா பாருங்க, கடல்.”

ராத்தா வெகுநேரம் பார்த்தார். “இதுல மீன் புடிக்கலாமா?” என்றார்.

பிறகு குனிந்து காலைப் பார்த்தார். “எங்கட கடல்ல நண்டு கடிக்கும். உங்கட கடல்ல அட்டை கடிக்குது.”

திரும்பும் வழியெல்லாம் மாஸ்டர் லொறிப் பெட்டியில் உட்கார்ந்து, ராத்தாவின் காலிலிருந்து ஒவ்வொரு அட்டையாகச் சுண்ணாம்பு தொட்டு எடுத்துக்கொண்டே வந்தார். இனி ராத்தா இருக்க மாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பெருநாளுக்குக் கிட்டே ஒரு பின்னேரம் அண்ணன் வந்து இறங்கினார். மீன் வியாபாரி, அகன்ற தோள், குறைந்த பேச்சு. காற்சட்டை அளவு பார்க்கப் போன நான் கடைக்குள் மாட்டிக்கொண்டேன். உள் திரைக்குப் பின்னால் ராத்தா நின்றார்.

“என்ன புள்ள, வாறியா?” என்று அண்ணன் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாஸ்டர் கழுத்து நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்துபோயிற்று. “மச்சான், என்னால முடிஞ்ச கடல் எல்லாத்தையும் காட்டிட்டேன். இதுக்கு மேல இந்த ஊர்ல கடல் இல்ல” என்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியவில்லை.

திரை விலகியது. “கடலுக்கு ஆரு அழுதது, காக்கா?” என்றார் ராத்தா. அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். “பொறந்த நாளையில இருந்து பாத்த கடல். அங்க இருக்கக்குள்ள இந்த மனுசன் ஒரு நாளாவது என்னோட கரைக்கு வந்தவரா? விடிஞ்சா மெசின், பொழுதுபட்டா மெசின். நான் மாமிமாரோட போவன், மாமிமாரோட வருவன். அதத்தான் சொல்லிச் சொல்லிக் காட்டினன். இவரு, நான் கடலக் கேக்கிறன் எண்டு நினைச்சிட்டாரு.”

ஹாபர் மாஸ்டர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இத்தனை வருசம் இருந்தும் கரையில் கால் வைத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

“இப்ப பின்னேரமானா கூட்டிட்டுப் போறாரு. எருமையக் காட்டுறாரு, சேத்துல இறக்குறாரு, அட்டைக்குக் குடுக்கிறாரு. என்னத்தக் காட்டினா என்ன, கூட வாறாருதானே. நான் வரல்ல, காக்கா. வீட்ட வாடகைக்கு விடுங்க.”

அண்ணன் குனிந்து தங்கச்சியின் காலைப் பார்த்தார். “அட்டையா?” என்று மட்டும் கேட்டார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

மாஸ்டர் அவரை வழியனுப்பிவிட்டு வந்து என் பக்கம் குனிந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன மனத்தாங்கல். “தம்பி, உண்மையச் சொல்லுங்க. றிவர்ஸ்டன் கடல் மாதிரி இல்லையா?”

“அசல் கடல் நானா” என்றேன்.

அது போதுமாயிருந்தது. ராத்தா குடையை எடுத்தார். மாஸ்டர் விளக்கை அணைத்து, என்னை வெளியே தள்ளி, கதவைச் சாத்தினார். என் காற்சட்டை உள்ளே ஒற்றைக் கால் மட்டும் தைத்தபடி கிடந்தது. மறுநாள் காலை நான் பெண் பார்க்கப் போக வேண்டும். கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அவர்கள் அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்கள். ராத்தா எதையோ சொல்ல, மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

நான் கூப்பிடவில்லை. பழைய காற்சட்டையிலேயே போய்ப் பெண் பார்த்தேன்.